பழைய கார்: பழுது பார்ப்பதா, விற்பதா?

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஓர் அம்பாசிடர் கார் நின்றுகொண்டிருந்தது. 1984-இல் பதிவான மார்க் 4, பெட்ரோல் வண்டி. என் தந்தையார் அதை 1996-இல் செகண்ட்ஹாண்டாக வாங்கினார். அவர் மறைந்தபின் மூன்று ஆண்டுகள் அதை யாரும் ஒழுங்காக ஓட்டவில்லை. நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து மாதம் ஒருமுறை வரும்போது கிளப்பிப் பார்ப்பதோடு சரி. கிளம்பினால் பின்னால் நீலப் புகை; பாலத்தில் ஏறினால் மூச்சிரைப்பு. 2024-இல் அதன் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டிய வேளை வந்தது. ஒன்று, செலவு செய்து ஓடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் விற்றுவிட வேண்டும்.

வீட்டில் கருத்துக்குப் பஞ்சமில்லை. "அப்பா ஓட்டின வண்டி, அது பாட்டுக்கு நிற்கட்டும்" என்றார் அம்மா. "எடைக்குப் போட்டுவிட்டு வேலையைப் பார்" என்றார் சித்தப்பா. வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனோ, "எஞ்சினை இறக்கி போர் பண்ணி, அப்படியே பட்டி பார்த்துப் பெயிண்டும் அடித்துவிட்டால் புது வண்டிதான் சார்" என்றார். மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் மூவரில் ஒருவரும் வண்டியை அளந்து பார்க்கவில்லை. "அளக்காமல் பேசாதே" என்று வகுப்பில் தினமும் சொல்லுகிற நானும் மூன்று ஆண்டுகளாக அளக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலிலும் இப்படி ஒரு பழைய வண்டி நிற்கலாம். அது பத்மினியாக இருக்கலாம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருக்கலாம். முதல் தலைமுறை மாருதியாகவும் இருக்கலாம். வைத்துக்கொள்வதா, விடுவதா என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பள்ளியில் நாம் படித்த இயற்பியல் இதற்கு எவ்வளவு தூரம் விடை சொல்லும் என்று பார்ப்போமா?

கூச்சலிடும் எஞ்சின்

பழைய காரில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது எஞ்சின்தான். அது சத்தம் போடுகிறது, புகை விடுகிறது, நடுவழியில் நின்று மானத்தை வாங்குகிறது. ஆகவே எல்லாப் பழியும் அதன்மேல் விழுகிறது. பழி எவ்வளவு உண்மை என்று அறிய அதன் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 1950களின் இறுதியில் தொடங்கிய அதன் தயாரிப்பு 2014 மே மாதத்தில் நின்றது. நெடுங்காலம் அதில் பொருத்தப்பட்டிருந்த பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 73.025 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 88.9 மி.மீ. வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்கி, நான்கால் பெருக்கிப் பாருங்கள். 1,489 கன செ.மீ. வரும். பழைய விளம்பரங்களிலும் பதிவுச் சான்றுகளிலும் காணும் எண் அதுதான்.

பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இழுத்த காற்றும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்த கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை உணர்ந்திருப்பீர்கள். அமுக்கும் வேகத்தில் வெப்பம் வெளியேற நேரமில்லாததே அதற்குக் காரணம். எஞ்சினிலும் அப்படியே. மிக மெதுவாக, வெப்பநிலை மாறாமல் அமுக்கினால் அழுத்தம் 7 வளிமண்டலம் ஆகும். வெப்பம் சிறிதும் வெளியேறாமல் அமுக்கினால் 7-ஐ 1.4 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். விடை ஏறத்தாழ 15 வளிமண்டலம். உண்மையான எஞ்சின் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. சிலிண்டர் சுவர் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். இடுக்குகள் வழியே கொஞ்சம் காற்றும் கசியும்.

இந்த அழுத்தத்தை அளக்கும் மானி எந்த நல்ல பட்டறையிலும் இருக்கும். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, பற்றவைப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு துளையிலும் மானியைப் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுற்றவேண்டும். மெக்கானிக்குகள் இதைப் பவுண்டில் சொல்வார்கள். ஒரு வளிமண்டலம் என்பது சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. மானி வெளிக் காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்டதை மட்டுமே காட்டும் என்பதால், நம் கணக்கின் கீழ் எல்லை 88 பவுண்டு. மேல் எல்லை 200-க்குச் சற்று மேல்.

எங்கள் வண்டியில் கிடைத்த எண்கள்: 95, 90, 70, 92. மூன்று சிலிண்டர்கள் கீழ் எல்லையிலேயே தவழ்ந்துகொண்டிருந்தன. ஒன்று அதற்கும் கீழே போய்விட்டது. காற்று எங்கோ கசிகிறது என்பது தெளிவு. எங்கே? பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் வழியாகவா, மேலே உள்ள வால்வுகள் வழியாகவா?

இதற்கு மெக்கானிக்குகள் கையாளும் ஓர் அழகான சோதனை உண்டு. பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடியும் அளப்பது. ஆயில் பிஸ்டன் மேல் பரவி, ரிங்குக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கைத் தற்காலிகமாக அடைக்கும். வால்வு மேலே இருப்பதால் அங்கு ஆயில் எட்டாது. அழுத்தம் ஏறினால் குறை ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். ஆயில் விட்டபின் எங்களுக்குக் கிடைத்தவை 118, 115, 110, 116. நோய் எது என்று ஒரு கரண்டி ஆயில் சொல்லிவிட்டது.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடலாம். இதற்கென்றே பிஸ்டன்கள் 10, 20, 30, 40 'தௌ' என்று படிப்படியான அளவுகளில் செய்யப்பட்டன. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 தௌ என்றால் அரை மில்லிமீட்டர். தேய்ந்த பரப்பைக் கடைந்து எறிந்துவிட்டுப் புதுப் பரப்பை உண்டாக்கிக்கொள்ளும் வசதியை, எஞ்சினை வடிவமைத்தவர்களே விட்டுவைத்திருக்கிறார்கள். கோவையிலும் சென்னையிலும் இதைத் துல்லியமாகச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. உதிரிப் பாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. எஞ்சினின் முதுமை பெரும்பாலும் திருப்பக்கூடிய முதுமை என்பதே இதன் பொருள்.

எரிபொருளைப் பற்றியும் ஒரு சொல். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000 பிப்ரவரியோடு நின்றது. பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் வார்ப்பிரும்புப் பரப்புக்கு அந்த ஈயம் ஒரு மெல்லிய காப்பாக இருந்தது. அது போனதும் அப்பரப்பு வேகமாகத் தேயலாயிற்று. எஞ்சினை இறக்கும்போது அங்கே கடினமான வளையங்களைப் பதித்துவிட்டால் தீர்ந்தது. அடுத்து எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்க, எத்தனாலில் சுமார் 21 மட்டுமே. கலவையில் லிட்டருக்கு 7 விழுக்காடு ஆற்றல் குறையும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மேலும், எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் உப்பச் செய்யும். எரிபொருள் பாதையிலுள்ள ரப்பர் முழுவதையும் மாற்றி, கார்புரேட்டரின் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்க வேண்டியிருக்கும். இவை தொல்லைகள்தாம், ஆனால் வண்டியின் உயிருக்கு ஆபத்தானவை அல்ல.

பேசாத தகரம்

இத்துடன் நிறுத்தியிருந்தால் மெக்கானிக் அண்ணன் சொன்னபடியே செய்திருப்பேன். அவர் எஞ்சினுக்குச் சொன்ன செலவு 65,000 ரூபாய். ஆனால் ஒரு சந்தேகம் உறுத்தியது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை. ஜன்னல் கம்பிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை உதிரும் தெரு அது. அங்கே 28 ஆண்டுகள் நின்ற வண்டியின் தகரம் என்ன கதியில் இருக்கும்?

இரும்பு துருப்பிடிப்பது வெறும் காற்றால் என்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மையில் ஒரு சிறிய மின்கலத்தின் வேலை. ஈரமான தகரத்தில் ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீரில் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓடி, வேறோர் இடத்தில் நீரிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ராக்ஸைடு அயனிகளை உண்டாக்குகின்றன. கரைந்த இரும்பும் ஹைட்ராக்ஸைடும் சந்திக்குமிடத்தில் துரு படிகிறது. மின்கலம் வேலை செய்ய அயனிகள் நீரில் நகரவேண்டும் அல்லவா? நல்ல நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும்; உப்பு நீர் தாராளமாகக் கடத்தும். கடற்காற்று செய்கிற வேலை இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த யூலிக் எவான்ஸ் என்பவர் காட்டிய சோதனையை உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். உப்பு நீரில் சிறிது பினாப்தலீனும் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் கலந்து, தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு விடுங்கள். சற்று நேரத்தில் சொட்டின் ஓரம் இளஞ்சிவப்பாகும், நடுப்பகுதி நீலமாகும். ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் கிடைப்பதால் அங்கே ஹைட்ராக்ஸைடு உண்டாகிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைகிறது. காற்று எட்டாத இடத்தில்தான் இரும்பு அரிபடுகிறது! பெயிண்டுக்கு அடியில், தகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்த இணைப்புகளில், தரைவிரிப்புக்குக் கீழே, மூடிய பெட்டிகளுக்குள்ளே என்று, நம் கண் படாத இடங்களிலேயே துரு குடியிருப்பதன் காரணம் இப்போது விளங்கும். (டில்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக நிற்கிறதே என்பீர்கள். அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே ஒரு காப்புப் படலம் படிந்திருக்கிறது. கார்த் தகரத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை.)

சரி, கொஞ்சம் துருப்பிடித்தால் என்ன? அம்பாசிடரின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். லாரியில் கனமான இரண்டு உத்தரங்கள் நீளவாக்கில் ஓடும்; மேலே உள்ள கூண்டு வெறும் கூண்டு. அம்பாசிடரில் அப்படித் தனிச் சட்டகம் கிடையாது. வளைத்த தகரங்களைப் பற்றவைத்த கூண்டே வண்டியின் எலும்பும் தோலும். கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் நீண்ட தகரப் பெட்டிகள், தரைக்கு அடியில் குறுக்கே செல்லும் பெட்டி, முன்புறக் கால்கள் ஆகியவையே எடையைத் தாங்குகின்றன. முன் சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் அந்தக் குறுக்குப் பெட்டியில்தான் ஊன்றப்பட்டிருக்கின்றன.

தகரத்தின் வளைவுத் தாங்குதிறன் அதன் கனத்தின் முப்படியைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டர் தகரம் துருவால் அரை மில்லிமீட்டர் ஆனால் விறைப்பு பாதியாகும் என்று நினைப்போம். உண்மையில் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இதைவிட வியப்பானது பெட்டியின் கதை. ஒரு தபால் அட்டையை எடுத்து, இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயாகச் சுருட்டி, விளிம்புகள் தொட்டுக்கொள்ளும்படி நீளம் முழுவதும் டேப் ஒட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எதிர்த்து நிற்கும். இப்போது பிளேடால் டேப்பை மட்டும் நீளவாக்கில் கீறிவிட்டு மறுபடி முறுக்குங்கள். துணிபோல் முறுகிவிடும். அட்டையில் ஒரு துணுக்கும் குறையவில்லை. வட்டம் மூடியிருந்தது, இப்போது திறந்துவிட்டது, அவ்வளவுதான். மூடிய குழாயின் முறுக்கு விறைப்பு, அதே குழாய் பிளந்திருக்கும்போது உள்ளதைப் போல் எத்தனை மடங்கு என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: ஆரத்தைக் கனத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தை மூன்றால் பெருக்கவேண்டும். அட்டைக் குழாயின் ஆரம் 10 மி.மீ., கனம் சுமார் 0.2 மி.மீ.; வகுத்தால் 50. வர்க்கம் 2,500, மும்மடங்கு 7,500. கதவுக்குக் கீழே உள்ள பெட்டியை 50 மி.மீ. ஆரமும் 1 மி.மீ. கனமும் உள்ள குழாயாகப் பாவித்தால் அங்கேயும் அதே 7,500தான். காரின் பெட்டி வட்டமும் அல்ல, ஒரேயடியாக நெடுகப் பிளப்பதும் இல்லை. ஆகவே இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் துருவானது அது தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் அடைப்பதால், பெட்டியின் இணைப்புகளை உள்ளிருந்து நெம்பிப் பிளக்கிறது. சில கிராம் இரும்பு போனாலும் கூண்டின் பலம் பெரும்பங்கு போய்விடும் என்பதை மறக்கக் கூடாது.

எப்படிச் சோதிப்பது? பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு சாதாரணக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, பாடி முழுவதும் நகர்த்துங்கள். தகரம் உள்ள இடத்தில் ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கும். காந்த விசை இடைவெளியுடன் மிக வேகமாகக் குறைவதால், மூன்று நான்கு மில்லிமீட்டர்ப் பட்டிகூட அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து மேட்டை எடுத்துவிட்டுத் தரையைத் திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்னும், இற்றது சொத்தென்னும். கடைசிச் சோதனை கதவுச் சோதனை. சமதளத்தில் நிறுத்தி, நான்கு கதவுகளும் எளிதாகத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பக்கத்தின் நடுவே ஜாக்கி கொடுத்து அப்பக்கச் சக்கரங்கள் இலேசாகும்வரை தூக்கி, கதவை மறுபடி மூடிப் பாருங்கள். கூண்டு விறைப்பாக இருந்தால் கதவுக்கு எதுவும் தெரியாது. நைந்திருந்தால் இடிக்கும், அல்லது மூடாது. (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலை நீட்டவேண்டாம். கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக்கொடுத்த பிறகே நுழையவேண்டும்.)

எங்கள் வண்டியில் காந்தம் இடப்புறம் ஏழு இடங்களில் வழுக்கியது. தரைவிரிப்புக்குக் கீழே தட்டிய திருப்புளி ஓரிடத்தில் உள்ளேயே போய்விட்டது. ஜாக்கி கொடுத்தவுடன் இடப்புறப் பின்கதவு மூட மறுத்தது. வலப்புறம் பரவாயில்லை. எல்லாவற்றையும்விட மோசம், முறுக்குக் கம்பி ஊன்றியிருக்கும் குறுக்குப் பெட்டி. அதில் விரல் நுழையும் துளை இருந்தது. மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பெயிண்ட் அடித்திருந்தால் பாவம் சார்" என்றார். அந்த நேர்மைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

போன பணமும் வரப்போகும் பணமும்

டிங்கரிங் பட்டறையில் விசாரித்தோம். இரு பக்கப் பெட்டிகள், தரை, குறுக்குப் பெட்டி எல்லாவற்றையும் புதுத் தகரத்தில் மடித்துப் பற்றவைக்க 1,60,000 ரூபாய் என்றார்கள். அதுவும் கூண்டு கோணாதபடி தாங்கிப் பிடித்துச் செய்யவேண்டிய வேலை; பல வாரம் ஆகும். எடைக்குப் போடச் சொன்ன சித்தப்பாவே இப்போது தயங்கினார். "2017-இல் கிளட்ச், ரேடியேட்டர், டயர் என்று அண்ணன் எழுபதாயிரம் செலவு பண்ணினாரே, எல்லாம் வீணா?" என்றார்.

இது பலரைத் தடுமாறவைக்கும் இடம். வெப்ப இயக்கவியலில் ஒரு பாகுபாடு உண்டு. ஒரு வாயுவின் உள்ளாற்றல் அதன் இப்போதைய நிலையை மட்டும் பொறுத்தது. அந்நிலைக்கு எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்ததல்ல. செலுத்திய வெப்பமும் செய்த வேலையும் வழியைப் பொறுத்தவை. வண்டிக்கும் இது பொருந்தும். இன்று கூண்டு எப்படி இருக்கிறது, எஞ்சின் எப்படி இருக்கிறது, இனி எவ்வளவு ஆகும் என்பவையே முடிவுக்கு வேண்டிய எண்கள். 2017-இல் போட்ட எழுபதாயிரம் அதற்குரிய ஆண்டுகளை ஓடித் தீர்த்துவிட்டது. அதைக் காப்பாற்ற மேலும் பணம் போடுவது, ஓட்டைக் குடத்தில் ஏற்கெனவே ஊற்றிய நீருக்காக இன்னும் ஊற்றுவது போன்றது.

"இந்த ஒரு வேலை மட்டும் செய்துவிட்டால் போதும்" என்ற எண்ணமும் ஏமாற்றும். வண்டி ஓட இருபது பாகங்கள் ஒருசேர வேலை செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு மாதம் பழுதில்லாமல் இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபதும் சேர்ந்து தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு 0.99-இன் இருபதாம் அடுக்கு, அதாவது 82 விழுக்காடு. ஒரு பாகத்தைப் பழுதே ஆகாததாக மாற்றினாலும் அது 83 ஆகும், அவ்வளவே. பழைய வண்டியை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருப்பவர் ஏன் எப்போதும் பட்டறையிலேயே இருக்கிறார் என்பது விளங்குகிறதா? செய்தால் முக்கியப் பாகங்களைச் சேர்த்துச் செய்யவேண்டும். இல்லையேல் அடிக்கடி நிற்கும் என்று தெரிந்தே வைத்துக்கொள்ளவேண்டும்.

பெட்ரோல் செலவைப் பலர் பெரிதாகச் சொல்வார்கள். பழைய வண்டி லிட்டருக்கு 10 கி.மீ., புதிய சிறு கார் 18 கி.மீ. என்று கொள்வோம். அமுக்க விகிதம் ஏழாக உள்ள எஞ்சினை எவ்வளவு செப்பனிட்டாலும் பதினொன்றாக உள்ள எஞ்சினின் திறன் வராது; இலட்சியக் கணக்கிலேயே ஒன்று 54 விழுக்காடு, மற்றது 62. ஆனால் ஆண்டுக்கு 3,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு வித்தியாசம் 133 லிட்டர்; லிட்டர் நூறு ரூபாய் என்றால் 13,300 ரூபாய். இதற்காகப் பல இலட்சம் கொடுத்துப் புதுக் கார் வாங்குவது கணக்காகாது. ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுபவருக்கோ வித்தியாசம் 66,000-ஐத் தாண்டும். அவருக்குப் பழைய வண்டி உகந்ததல்ல. தினசரி ஓட்டத்துக்கு எதிராக இன்னும் இரண்டு உண்டு. நச்சுப் புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, நான்கு பெருநகரங்களில் விற்கும் புதுக் கார்களில் கட்டாயமானதே 1995-இல்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் அது கிடையாது. காற்றுப்பையும் கிடையாது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிப்பார்கள். அதுவரை 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவுமின்றி இருக்கும் வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதியும் விதி 2021-இல் வந்தது. அப்படிப் பதிந்ததை அன்றாடம் ஓட்டக்கூடாது. எங்களுடையதற்கு வயது நாற்பதுதான்.

எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். எஞ்சினுக்கு 65,000, கூண்டுக்கு 1,60,000, ஆண்டுக்கு ஓடக்கூடியது இரண்டாயிரம் கிலோமீட்டர். அப்பாவின் நினைவுக்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். அம்மா தாளை விட்டுவிட்டு, "அந்தத் துளை எங்கே, காட்டு" என்றார். மேட்டைத் தூக்கிக் காட்டினேன். முன் இருக்கையில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்குச் சரியாகக் கீழே இருந்தது. "இதில் பேரப் பிள்ளைகளை ஏற்றமாட்டாய் அல்லவா?" என்றார். மாட்டேன் என்றேன். "அப்படியானால் கொடுத்துவிடு."

எடைக்குப் போடவில்லை. மெக்கானிக் அண்ணன் விசாரித்ததில், திண்டுக்கல் பக்கம் ஒருவரிடம் இதே மார்க் 4 இருப்பது தெரிந்தது. கடலைக் காணாத வண்டி. கூண்டு கணீரென்று இருந்தது. ஆனால் எஞ்சின் பிளாக் வெடித்து, கடையவும் வழியின்றிப் போயிருந்தது. எங்களிடம் இருந்ததும் அவரிடம் இல்லாததும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. எஞ்சின், கியர் பெட்டி, கண்ணாடிகள், இருக்கைகள் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். எஞ்சின் எண் மாறுவதைப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று அவருடைய சான்றில் பதிந்தார்கள். எங்கள் வண்டியின் பதிவை ரத்து செய்துவிட்டு, இற்ற கூண்டைப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். உருக்கினால் அது மறுபடியும் நல்ல எஃகுதான். தாதுவிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் ஆற்றலில் பாதிகூட அதற்குத் தேவைப்படாது.

நான்கு மாதம் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். 20 தௌ கடைந்து புது பிஸ்டன் போட்டிருக்கிறார். மானி காட்டிய எண்கள் 122, 120, 121, 122. நான் தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். அருகில் நின்ற அம்மா, "புகை விடுகிறதா என்று கேள்" என்றார். கேட்டேன்.

விடவில்லையாம்.